மட்டாஞ்சேரி யூதத் தெரு: ஒரு நடையும் ஒரு சாட்சியமும்

மலையாள நாட்டில் முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்குப் பள்ளி என்று பெயர். கிறிஸ்தவர்களின் தேவாலயத்துக்கும் பள்ளி என்றே பெயர். யூதர்கள் கூடித் தொழும் இடத்தையும் அப்படியே அழைத்தார்கள். எந்தப் பள்ளி என்று திரும்பக் கேட்டால்தான் ஜூதப்பள்ளி என்று விளக்கம் வரும். மாப்பிள என்ற சொல்லின் கதையும் இதுவே. இன்று அது முஸ்லிம்களை மட்டுமே குறிப்பதாக நாம் எண்ணினாலும், ஜோனக மாப்பிள, நஸ்ராணி மாப்பிள, ஜூத மாப்பிள என மூன்று சமூகத்தாருக்கும் அது வழங்கி வந்தது. மிளகைத் தேடிக் கடல் கடந்து வந்து இம்மண்ணிலேயே தங்கிவிட்டவர்களை உள்ளூர் மக்கள் அதிகம் பிரித்துப் பார்க்கவில்லை.

கொச்சிக்குச் சென்றிருந்த எங்கள் சிறு குழு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு மட்டாஞ்சேரியின் யூதத் தெருவை நடந்து பார்த்தது. சனிக்கிழமை அங்கே செல்வதில் பயனில்லை. அது யூதர்களின் ஓய்வுநாள், பள்ளி பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே கதவை அடைத்துவிடுவார்கள். தெரு நீளமானதன்று, பராக்குப் பார்க்காமல் நடந்தால் சில நிமிடங்களில் மறுமுனை வந்துவிடும். எங்களுக்கு அரை நாள் பிடித்தது. நாங்கள் நடந்த வரிசையிலேயே வாசகர்களையும் அழைத்துச் செல்கிறோம். ஓரிடத்தில் மட்டும் வழிகாட்டி நின்றதைவிட நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

நடை தொடங்குவது அரண்மனை அருகில். இந்த அரண்மனையைப் போர்த்துக்கீசியர் கட்டி, 1555ஆம் ஆண்டு வாக்கில் கொச்சி மன்னருக்குக் கொடுத்தனர். பின்னர் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. கட்டியவர் பெயர் மறைந்து, செப்பனிட்டவர் பெயர் நின்றது வேடிக்கைதான். அரண்மனை வளாகத்துக்குள் பகவதி கோயில் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டி நிற்பது யூதப்பள்ளி. கொடுங்கல்லூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே இடம் அளித்தார். 1567இல் குடியிருப்பு உருவானது. அடுத்த ஆண்டே பள்ளி எழுந்தது. தன் வாசலுக்கு வெளியே எங்கோ ஓர் ஒதுக்குப்புறத்தைக் காட்டி அனுப்பாமல், மதிலோடு மதிலாகக் குடியமர்த்திய அந்த மன்னரின் மனம் வியக்கத்தக்கது.

பள்ளியை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது மணிக்கூண்டு. 1760இல் இதைக் கட்டியவர் எசக்கியேல் ரஹபி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய இவருடைய குடும்பம் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து, அதாவது நம் நூல்களில் ஹலப் என்று வரும் ஊரிலிருந்து வந்தது. கூண்டின் கடிகார முகங்களில் எண்கள் ஒரே எழுத்தில் இல்லை. எபிரேயம், ரோமன், மலையாளம் என்று முகத்துக்கு முகம் மாறுகின்றன. யார் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறாரோ அவருக்குத் தெரிந்த எழுத்தில் நேரம் சொல்வதற்கான ஏற்பாடு.

பள்ளிக்குள் செல்லும் முன் காலணிகளைக் கழற்ற வேண்டும். உலகின் பிற பகுதிகளில் உள்ள யூதர்கள் பொதுவாகக் காலணியோடுதான் தொழுகைக்கூடத்துக்குள் நுழைவார்கள். கேரள யூதர்களோ வெறுங்காலோடு நுழைவதை வழக்கமாக்கிக் கொண்டார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கண்கள் தாமாகவே ஒளூச் செய்யும் ஹவுளைத் தேடின என்று சொல்லிச் சிரித்தார்.

தொழும் கூடத்துக்கு முன்பாக ஓர் அறையில் ஓவியங்கள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. 1968இல் பள்ளியின் நானூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, கேரள யூதர்களின் வரலாற்றைக் காட்சி காட்சியாகச் சொல்லத் தீட்டப்பட்டவை. அவ்விழாவுக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. ஓவியங்கள் பெரிய கலைப்படைப்புகள் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் படங்களை நினைவூட்டுபவை. ஆனால் எங்கள் நடையின் மையம் இந்த அறைதான்.

அவற்றில் ஒன்று, சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் செப்பேடு வழங்கும் காட்சி. கி.பி. 1000 வாக்கில் வழங்கப்பட்ட அந்தச் செப்பேடு இன்றும் இப்பள்ளியின் உடைமை. அது எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தில். மொழி பழைய மலையாளம். தமிழறிந்தவர் காதில் அந்நியமாக ஒலிக்காது. பகல் விளக்கு, நடந்து செல்ல விரிக்கும் பாவாடை, குடை, தோரணம் முதலாக எழுபத்திரண்டு உரிமைகள் அவருக்கும் அவர் வழிவந்தோருக்கும் தரப்பட்டன. இவற்றோடு தரப்பட்ட மற்றொன்றுதான் நமக்கு முக்கியமானது: அஞ்சுவண்ணம்.

அஞ்சுவண்ணம் என்பது மேற்கு ஆசியாவிலிருந்து வந்த கடல் வணிகர்களின் கூட்டமைப்பு. அதில் யூதர்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். கொல்லத்தில் 849இல் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் இதே அமைப்பு வருகிறது. அந்த ஏட்டின் இறுதியில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். கூஃபி அரபு எழுத்தில் சிலர், பஹ்லவி எழுத்தில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். கிறிஸ்தவர்களுக்கு ஓர் இந்து ஆட்சியாளர் தந்த கொடைக்கு முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் ஒரே செம்புத் தகட்டில் சாட்சி நின்றிருக்கிறார்கள். அஞ்சுவண்ணம் என்ற சொல் தமிழ்நாட்டுக் கரையிலும் ஒலித்தது. பழைய இஸ்லாமியத் தமிழ் நூலாகிய பல்சந்தமாலை அதைச் சொல்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் புதினம் ஒன்றின் பெயரே அஞ்சுவண்ணம் தெரு. நம் தெருவின் பெயரும் அந்தச் செப்பேட்டின் சொல்லும் ஒன்றே என்பதை எங்களில் பலர் அந்த அறையில் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

அதற்கும் பிந்திய ஒரு சாட்சியம் இப்னு பதூதாவுடையது. 14ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்கு நீர்வழியே சென்ற அவர், வழியில் ஒரு குன்றின்மீது யூதர்கள் வாழ்வதையும், அவர்களுள் ஒருவரே அவர்களுக்குத் தலைவராக இருப்பதையும், கொல்லத்து அரசருக்கு அவர்கள் வரி செலுத்துவதையும் குறித்திருக்கிறார். தன்னாட்சியோடு அமைதியாக வாழ்ந்த ஒரு சமூகத்தின் சித்திரம் அது.

இனி, வழிகாட்டி விரைந்து கடந்த இடம். அடுத்திருந்த ஓர் ஓவியத்தில் கொடுங்கல்லூர் எரிகிறது. மக்கள் ஓடுகிறார்கள். கீழே உள்ள விளக்கம், 1524இல் மூர்களாலும் போர்த்துக்கீசியராலும் கொடுங்கல்லூர் அழிக்கப்பட்டதாகச் சொல்கிறது. மூர்கள் என்றால் முஸ்லிம்கள். வழிகாட்டி எங்கள் தொப்பிகளையும் தாடிகளையும் பார்த்திருக்க வேண்டும். போர்த்துக்கீசியர் செய்த கொடுமை என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, கொச்சி மன்னர் அடைக்கலம் தரும் அடுத்த படத்துக்கு எங்களைத் திருப்பினார். விருந்தினர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் அது. ஆயினும் எழுத்து அங்கே இருந்தது. எங்களுக்குப் படிக்கவும் தெரிந்தது.

1524இல் நடந்தது என்ன? இதைச் சொல்ல யூதர்களின் நூலையோ ஐரோப்பியரின் நூலையோ தேட வேண்டியதில்லை. பொன்னானியைச் சேர்ந்த மார்க்க மேதை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் அரபு மொழியில் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீனிலேயே அது இருக்கிறது. ஹிஜ்ரி 931இல் மலபாரின் பல ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் ஒன்றுகூடிக் கொடுங்கல்லூர் யூதர்கள்மீது படையெடுத்தார்கள். யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. எஞ்சியோர் தப்பியோடினார்கள். கிறிஸ்தவர்களும் அந்தத் தாக்குதலிலிருந்து தப்பவில்லை. மிளகில் கலப்படம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டே இதற்குக் காரணமாகப் பிற்காலத்தில் சொல்லப்பட்டு வருகிறது.

துஹ்ஃபா எப்படிப்பட்ட நூல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது போர்த்துக்கீசியருக்கு எதிராக முஸ்லிம்களைத் திரட்டுவதற்காக எழுதப்பட்டது. பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பரங்கியர் எரித்த பள்ளிவாசல்களையும், மறித்த ஹஜ் பயணக் கப்பல்களையும், இழிவுபடுத்திய மனிதர்களையும் ஆசிரியர் நெஞ்சு கொதிக்க அடுக்கிச் செல்கிறார். தன் சமூகத்தின் துயரை உலகுக்குச் சொல்ல எழுதப்படும் நூலில், தன் சமூகம் பிறருக்கு இழைத்ததை விட்டுவிடுவது மிக எளிது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. நீண்ட கண்டன உரையும் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு மேலே செல்கிறார். இந்த நூலை 1942இல் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டவர், முஹம்மது ஹுசைன் நைனார் என்ற தமிழ் முஸ்லிம் அறிஞர். அவரும் அந்தப் பக்கங்களைக் கடந்து செல்லவில்லை.

நமக்கோ, நம் மீது இழைக்கப்பட்டவற்றின் பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். அந்தலூஸ் வீழ்ந்த ஆண்டைச் சிறுவர்களும் சொல்வார்கள். கொடுங்கல்லூர் எரிந்த ஆண்டு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 135ஆம் வசனம், நம்மையோ பெற்றோரையோ உறவினரையோ பாதிப்பதாயினும் நீதிக்கே சாட்சி சொல்லப் பணிக்கிறது. அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம், இறைவனின் பெயர் நினைவுகூரப்படும் இடங்களைச் சொல்லும்போது பள்ளிவாசல்களோடு யூதர்களின் ஆலயங்களையும் சேர்த்தே சொல்கிறது. இவ்விரண்டையும் ஓதும் ஒருவர் அந்த ஓவியத்தின் முன் நின்று, அன்றைய வணிகப் போட்டி அப்படி, சூழ்நிலை அப்படி என்று சமாதானம் கூறிவிட முடியாது. சூழ்நிலை இருந்தது உண்மை. பரங்கியரின் பீரங்கிகள் மலபார்க் கடலைத் தலைகீழாக்கியிருந்தன; முஸ்லிம்களின் வணிகம் நொறுங்கிக் கொண்டிருந்தது. ஆனால் எரிந்த வீடுகள் பரங்கியருடையவை அல்ல.

வரலாற்றின் போக்கு பிறகு இரு சமூகத்தாரையும் ஒரே கரத்தின் கீழ் நசுக்கியது. 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றத்தை நிறுவிய போர்த்துக்கீசியருக்கு முஸ்லிமும் யூதரும் ஒன்றுபோல் பகைவரே. 1662இல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கியபோது, அவர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லி இந்த யூதப்பள்ளியைப் போர்த்துக்கீசியர் சூறையாடித் தீயிட்டார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர்கள் வென்ற பின்னரே அது மீண்டும் எழுந்தது.

தொழும் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் குளிர்வது பாதம். தரை முழுவதும் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள். 18ஆம் நூற்றாண்டில் கான்டனிலிருந்து கப்பலில் வந்தவை, ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டவை. இவை முதலில் மன்னருக்காக வந்ததாகவும், இவற்றின் கலவையில் மாட்டு இரத்தம் சேர்ந்திருக்கிறது என்று யூத வணிகர்கள் சொல்லவே மன்னர் வேண்டாம் என்றதாகவும் ஒரு கதை உண்டு. வழிகாட்டி இதை மிகுந்த சுவையோடு சொன்னார். கதையை அவர் நம்பியதாகத் தோன்றவில்லை. மேலே பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த ஓதும் மேடை. மாடத்தில் மற்றொரு மேடை. இத்தகைய இரட்டை மேடை கேரள யூதப்பள்ளிகளுக்கே உரியது. எதிர்ச் சுவரில் ஜெருசலேத்தின் திசை நோக்கிய பேழையில் தோரா சுருள்கள். உருவமோ சிலையோ எங்கும் இல்லை. எங்களுக்கு அந்நிய இடத்தில் நிற்கும் உணர்வு வரவில்லை.

அழகில் மயங்கி இன்னொன்றை மறந்துவிடக் கூடாது. இதன் பெயர் பரதேசிப் பள்ளி. ஸ்பெயினிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிற்காலத்தில் வந்த, வெள்ளை யூதர் எனப்பட்டோரின் பள்ளி இது. பல நூற்றாண்டு முன்பே இங்கு வேரூன்றியிருந்த மலபார் யூதர்களைக் கறுப்பு யூதர் என்று அழைத்து, இதில் சம உரிமையுள்ள உறுப்பினர்களாக ஏற்க மறுத்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள் நிலை இன்னும் கீழே: அவர்கள் முன்கூடத்துத் தரையில்தான் உட்கார வேண்டும், தோரா ஓத அழைக்கப்பட மாட்டார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் பெரும் யூத அறிஞர் தாவீத் இப்னு ஸிம்ரா, கொச்சியிலிருந்து வந்த வினாவுக்கு விடையாக, முறைப்படி மார்க்கத்தில் இணைந்தவர்களைப் பிரித்து வைப்பதற்கு ஆதாரமில்லை என்று தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வந்தது, தரையில் அமர்ந்தவர்கள் தரையிலேயே இருந்தார்கள். அவர்கள் வழிவந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) 20ஆம் நூற்றாண்டில் சத்தியாகிரகத்தைப் பள்ளிக்குள்ளேயே கொண்டு வந்தார். யூத காந்தி என்று பெயர் பெற்ற அவருடைய நீண்ட போராட்டத்தின் பின்னரே அந்த வேலி தளர்ந்தது. மார்க்கம் சமத்துவம் பேச, மஹல்லாவின் வழக்கம் வேறொன்று செய்வது யூதர்களுக்கு மட்டும் உரிய நோயன்று. நிக்காஹ் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வெளியே வந்து தெற்கே நடந்தால் தெருவே மணக்கிறது. ஏலம், சுக்கு, மிளகு. இங்கேதான் மிளகு வணிகச் சங்கத்தின் கட்டடம். கணினி வரும் வரை தரகர்கள் தொண்டை வறளக் கூவி மிளகுக்கு விலை பேசிய கூடம் உண்டு. பழைய வீடுகளின் சன்னல் கம்பிகளில் இன்னும் ஆறுமுனை நட்சத்திரம் தெரிகிறது. வீட்டுக்குள் இருப்பது கம்பளக் கடையோ பழம்பொருள் கடையோ. கடைக்காரர்களில் கணிசமானோர் காஷ்மீர் முஸ்லிம்கள். தெருவின் தென்கோடியில் மலபார் யூதர்களின் கடவும்பாகம் பள்ளி இருந்தது. அது பரதேசிப் பள்ளியைவிட மூத்தது. மக்கள் போன பின் அது சரக்குக் கிடங்காயிற்று. மரவேலைப்பாடுகள் நிறைந்த அதன் உட்புறம் இப்போது ஜெருசலேத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே எஞ்சியிருந்த சுவரும் 2019 மழையில் சரிந்தது.

மக்கள் எங்கே போனார்கள்? 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். இவர்களை இங்கிருந்து யாரும் விரட்டவில்லை. மார்க்க ஏக்கமும் புதிய நாட்டின் அழைப்புமே இழுத்தன. யானைக்கால் நோய்க்கு அஞ்சிய அந்நாட்டு அதிகாரிகள் இவர்களைச் சில காலம் காக்க வைத்ததும் உண்டு. பலர் நெகேவ் பாலைப் பகுதியின் நெவாதிமில் குடியேறி, அங்கே கொச்சி மரபில் ஒரு பள்ளியையும் கட்டிக்கொண்டார்கள். யாரும் துரத்தாத ஊரைவிட்டு இவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில், 1948இல் துரத்தப்பட்ட இலட்சக்கணக்கான பலஸ்தீனர்களின் வீடுகள் இருந்தன. எங்கள் குழுவில் ஓர் இளைஞர் இதைச் சொல்லி, இத்தெருவை ரசிக்கத் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றார். அவர் வேதனை நியாயமானது. எனினும், ஓர் அரசின் கொடுமைக்காக மட்டாஞ்சேரியின் மூதாட்டிகளை விசாரணைக் கூண்டில் ஏற்றினால், கொடுங்கல்லூரில் மிளகுக் கணக்கைக் காட்டி வீடுகளை எரித்தவர்களின் தர்க்கம்தான் நம்முடையதும் ஆகும் என்பது எங்கள் மூத்தவரின் பதில். பேச்சு அங்கே முடியவில்லை, இரயிலிலும் தொடர்ந்தது.

இன்று இங்கு எஞ்சிய யூதர்களை விரல்விட்டு எண்ணலாம். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளியூர்ப் பயணிகள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். இத்தெருவில் கைத்தையல் கடை நடத்தி வந்த ஒரு யூத மூதாட்டியை இறுதிவரை உடனிருந்து பேணியவர் ஒரு முஸ்லிம் என்பது நாளிதழ்களில் பலமுறை வந்த செய்தி. சிறுவனாகத் தெருவில் பொருள் விற்க வந்தவருக்கு அந்தக் குடும்பம் தன் வீட்டைத் திறந்துவிட்டதில் தொடங்கிய உறவாம். தெருவிலிருந்து சற்று விலகி யூதர்களின் கல்லறைத் தோட்டம். கதவு பூட்டியிருந்தது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தி புகாரியில் உள்ளது. நாங்கள் கம்பிகளின் வழியே எபிரேய எழுத்துகளைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றோம்.

நடையின் கடைசி நிறுத்தம் யூதத் தெருவில் இல்லை, கொச்சங்காடியில். 1341இல் பெரியாறு பெருக்கெடுத்துக் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சிக்கு வாய்திறந்துவிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1344இல், இங்கே ஒரு யூதப்பள்ளி எழுந்தது. அது இப்போது இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் பரதேசிப் பள்ளியின் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. இதே கொச்சங்காடியில்தான் செம்பிட்ட பள்ளியும் உள்ளது. செம்பு இட்ட கூரை என்பதால் அந்தப் பெயர். தமிழருக்கு உரை வேண்டாத பெயர். கொச்சியின் நைனா குடும்பத்தார், தம் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ளுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பழைய யூதப்பள்ளி சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டோம். அவர் நெருக்கமாக நின்ற வீடுகளின் மேல் கையை ஒருமுறை வீசி, இங்கேதான் எங்கோ என்றார்.